வாக்ஸா, சீலன்ட்டா... வெயிலில் நிற்கும் காருக்கு எது சரி?

ஷெட் இல்லை. சென்னை வெயிலில் நாள் முழுக்கத் தெருவிலேயே நிற்கிறது கார். வாக்ஸ் போடுவதா, சீலன்ட் போடுவதா? கடையில் கேட்டால், ‘ரெண்டுமே நல்லதுதான் சார்’ என்பார்கள். ஆனால், இரண்டும் ஒன்றல்ல.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர்கோட் என்ற நிறமற்ற படலம் இருக்கிறது. தடிமன் சுமார் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. அது போய்விட்டால் மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. வாக்ஸ், சீலன்ட் எல்லாம் அதைக் காக்கத்தான்.

வாக்ஸில் பேர்பெற்றது கார்னாபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் கிடைக்கும் மெழுகு. கறுப்பு, அடர்சிவப்பு கார்களில் இதன் பளபளப்பைக் கேட்கவே வேண்டாம். ஆயுள்தான் குறைவு. வெயிலிலும் மழையிலும் ஒன்றிரண்டு மாதம் தாங்கினாலே பெரிசு.

சீலன்ட் செயற்கை பாலிமர். நான்கைந்து மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். தெருவில் நிற்கும் காருக்கு இதுதான் சரி. நிழலில் நிறுத்தி, வாராவாரம் துடைத்து ரசிப்பவர்களுக்கு வாக்ஸ் போதும்.

இரண்டும் வேண்டுமா? முதலில் சீலன்ட், அது நன்றாகப் பிடித்த பிறகு வாக்ஸ். மாற்றிப் போட்டால் சீலன்ட் ஒட்டாது. எதுவானாலும், கழுவித் துடைத்த காரில், பானட் சூடு ஆறியபின் நிழலில் மெல்லிசாகப் பூச வேண்டும்.

அதற்காகக் காக்கை எச்சத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. வெயிலில் காய்ந்தால் பூச்சையும் தாண்டி கிளியர்கோட்டை அரித்துவிடும்.

பூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். முத்துமுத்தாக நின்றால் இருக்கிறது. பரவிப் படிந்தால், மறுபடி பூச வேண்டியதுதான்.