கைப்பேசிக்குள் ஒரு தொண்டை

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வைக்க ஒரு வழி வேண்டுமே என்று டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சன் யோசித்தார். 1898-இல் ஒரு கருவி செய்தார். உருளையில் எஃகுக் கம்பியைச் சுற்றினார். பேச்சுக்கேற்ப ஏறி இறங்கும் மின்னோட்டத்தை ஒரு சின்ன மின்காந்தத்துக்குக் கொடுத்து, அதைக் கம்பியின்மேல் ஓடவிட்டார். கம்பி நெடுகக் காந்தம் கூடியும் குறைந்தும் பதிந்தது. மறுபடி ஓடவிட்டால் பேச்சு திரும்பி வந்தது! டெலிகிராஃபோன் என்று அதற்குப் பெயர். 1900-இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் அதில் பேசியது இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

வாய்ஸ்மெயிலும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் அந்தக் கம்பியின் பேரப்பிள்ளைகள். ஆனால் இவற்றுக்குள் நடக்கும் வேலை வேறு மாதிரி.

முதல் ஆச்சரியம் தொலைபேசியின் கஞ்சத்தனம். பழைய தொலைபேசி இணைப்பு, நொடிக்கு 300 முதல் 3,400 வரையான அதிர்வுகளை மட்டுமே கடத்தும். ஆண் குரல்நாணோ நொடிக்குச் சுமார் 120 முறைதான் அதிரும். அப்படியானால் அப்பாவின் கனத்த குரலின் அடிச்சுருதி இணைப்புக்குள் நுழையவே இல்லை. அதன் மடங்குகளான 360, 480, 600 மட்டும் நம் காதுக்கு வருகின்றன. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி 120 என்பதை மூளை கண்டுகொண்டு, வராத சுருதியைத் தானே ஒலிக்கவைக்கிறது. போனில் நாம் கேட்ட அந்தக் கனம் பாதி நம் தலைக்குள் உருவானது.

அடுத்து, அலையை எண்ணாக்க வேண்டும். அதன் உயரத்தை நொடிக்கு 8,000 முறை அளந்து குறிக்கிறார்கள், இதுதான் மாதிரியெடுத்தல். இரண்டு அளவுகளுக்கு நடுவே அலை என்ன செய்தது என்பது போய்விடாதா? போகாது. ஓர் அலையின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், இடைப்பட்ட வளைவை முழுதாக மீட்டுவிடலாம் என்கிறது கணிதம். 3,400-க்கு 8,000 தாராளம். ஓர் அளவுக்கு ஒரு பைட் என்றால், ஒரு நிமிடப் பேச்சு 480 கிலோபைட்.

செல்போனுக்கு அதுவே அதிகம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது: ஒலியை அனுப்பாதே, அதை உண்டாக்கிய தொண்டையின் வடிவத்தை அனுப்பு.

நாகஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீவாளி எழுப்புவது வெறும் ரீங்காரம். அதை இசையாக்குவது குழல். நம் குரல்நாண் சீவாளி, தொண்டையும் வாயும் குழல். ‘ஆ’வுக்கும் ‘ஈ’க்கும் வித்தியாசம் குழல் எங்கே விரிந்து எங்கே குறுகியது என்பதுதான். குழலின் வடிவம் தெரிந்துவிட்டால், கடந்த சில அளவுகளை வைத்தே அடுத்த அளவை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இந்த உத்திக்கு நேரியல் முன்கணிப்பு என்று பெயர். 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானில் இடாகுராவும் சைட்டோவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கான்பூரில் பிறந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த பிஷ்ணு அடலும் இதை வளர்த்தார்கள்.

2ஜி போன்களின் முதல் கோடெக், அதாவது குரலைச் சுருக்கி விரிக்கும் நிரல், இந்த உத்தியில்தான் ஓடியது. பேச்சை அது 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் 260 பிட். அதில் வெறும் 36 பிட்டில், எட்டே எட்டு எண்களாக, அந்தக் கணத்தில் பேசுபவரின் வாயும் தொண்டையும் இருந்த வடிவம் அடங்கிவிடுகிறது. இன்னொரு 36 பிட், சற்று முன் வந்த அலை எங்கிருந்து மறுபடி திரும்புகிறது என்று சொல்லி, சுருதியைப் பிடிக்கிறது. மீதி 188 பிட், கணிப்பு தவறிய இடங்களுக்கான திருத்தம். மூச்சும் கரகரப்பும் பெரும்பாலும் அந்தத் திருத்தத்தில்தான் இருக்கின்றன. கேட்கும் பக்கத்தில் நொடிக்கு ஐம்பது முறை ஒரு புதுத் தொண்டை கட்டப்பட்டு, அதன் வழியே ரீங்காரம் செலுத்தப்படுகிறது. நிமிடத்துக்கு 98 கிலோபைட்கூட ஆகாது. கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றின் இடத்தில் அரைமணி நேரப் பேச்சு! வாட்ஸ்அப் பயன்படுத்தும் ஓபஸ் கோடெக்கிலும் பேச்சுக்கான பகுதி இதே முன்கணிப்பில் நிற்கிறது.

இந்த எண்கள் எங்கே கிடக்கின்றன? வாய்ஸ்மெயில் பொதுவாகத் தொலைபேசி நிறுவனத்தின் சர்வரில். அவர்கள் வைத்த கெடு முடிந்தால் அழிந்துவிடும். வாட்ஸ்அப் நேர் எதிர்: செய்தி போய்ச் சேர்ந்ததும் சர்வரிலிருந்து நீக்கிவிடும், பிறகு அது உங்கள் போனில்தான். போனுக்குள் அது ஃபிளாஷ் நினைவகத்தில், நானோமீட்டர் கணக்கில் மெல்லிய மின்காப்புச் சுவர்களுக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்களாக இருக்கிறது. பல சில்லுகளில் ஒரே அறை எட்டு வெவ்வேறு மின்னூட்ட அளவுகளைப் பிரித்துக்காட்டி மூன்று பிட்களைத் தாங்குகிறது. பழைய போனை அணைத்து அலமாரியில் வருஷக்கணக்கில் போட்டுவைத்தால் எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும். ஓரளவு கசிவைப் பிழைதிருத்தும் கணக்கு சரிசெய்துவிடும். அதைத் தாண்டினால் பேச்சு போயிற்று.

அதனால், இழக்கக் கூடாத குரல் உங்களிடம் இருந்தால் இன்றே நகலெடுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிவு செய்ய வேண்டாம். அறையின் எதிரொலியும் சேரும், இரண்டாவது கோடெக் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கழிக்கும். கோப்பையே நகலெடுத்தால் நூறாவது நகலும் பிட் பிசகாமல் முதல் நகல்தான். ஐபோன் வாய்ஸ்மெயிலில் பகிர்வுப் பொத்தானை அழுத்தி ‘ஃபைல்ஸ்’-இல் சேமிக்கலாம். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் ‘வாய்ஸ் நோட்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் வாரவாரியாகக் கோப்புகள் இருக்கும். கோப்பின் பெயரில் தேதி இருக்கும், பேசியவர் பெயர் இருக்காது; அதை நீங்கள்தான் எழுதவேண்டும். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று மூன்று இடங்களில் வையுங்கள். ஓபஸ் எப்படி இயங்குகிறது என்ற முழு விவரமும் 2012-இலேயே வெளியிடப்பட்டுவிட்டது, யாரும் படிக்கலாம். வாட்ஸ்அப்பே இல்லாமல் போனாலும், அந்த விவரத்தைப் பார்த்து அன்றைய கருவிக்கு ஒரு பிளேயர் எழுதிக்கொள்ள முடியும்.