வீட்டு வேலை நிகழ்ச்சி நடத்த மேஸ்திரியாக இருக்க வேண்டுமா?

டிவியில் வீடு கட்டுவது, பழுது பார்ப்பது பற்றி நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டுமா? இந்த வகை நிகழ்ச்சிக்கே முன்னோடி என்று சொல்லத்தக்க 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' எப்படி உருவானது என்று தேடிப் படித்தபோது, பாதி பதில் கிடைத்தது.

1979இல் பாஸ்டன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஜிபிஎச் அதைத் தொடங்கியது. தயாரிப்பாளர் ரஸ்ஸல் மோராஷ், அதற்கு முன்பு ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எடுத்தவர். சமையலை அடுப்படியிலேயே காட்டின மாதிரி, ஒரு பழைய வீட்டை வாங்கி, அதைச் சரிசெய்வதை வாராவாரம் காட்டினார். தொகுப்பாளர் பாப் வீலா. இவர் இன்ஜினியர் இல்லை, படித்தது பத்திரிகைத் துறை. ஆனால் நியூட்டன் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்து, அதற்கு 1978இல் ஒரு இதழின் விருதும் வாங்கியிருந்தார். கூடவே நார்ம் ஆப்ரம் என்ற தச்சர். தன் வீட்டில் அவர் வேலை செய்து முடித்தபோது மிச்சமாகக் கிடந்த துண்டுக்கட்டைகள் எவ்வளவு குறைவு என்று பார்த்துத்தான் மோராஷ் அவரைப் பிடித்துப் போட்டாராம். ஒரு தொழிலாளியை எடை போட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை!

ஆக, வேலை தெரிந்தவர் ஒருவர், கேள்வி கேட்பவர் ஒருவர். வீலா வீட்டுக்காரர் பக்கம் நின்று, "இதை ஏன் இப்படிப் போடுறீங்க?" என்று கேட்கிற ஆள்.

நம்ம ஊருக்கு இந்தக் கேள்வி கேட்கிற ஆள்தான் ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுச் சனி ஞாயிறில் தானே சுத்தியலை எடுப்பவர்கள் உண்டு. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ யாரும் தன் வீட்டுக்குத் தானே கான்கிரீட் கலப்பதில்லை. மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் என்று ஆள் இருக்கிறது. வீட்டுக்காரர் கையில் இருப்பது பணமும் (பாதி கடன்) பயமும்தான். அவருக்குச் செய்யக் கற்றுத்தர வேண்டாம், என்ன கேட்கணும் என்று கற்றுத்தரணும்.

உதாரணமாக, ரூஃப் கான்கிரீட் போடுகிற நாள். இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, எம்20 கலவையை அளவு வைத்துக் கலக்கும்போது 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது. மணலில் இருக்கிற ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். கலவை சுலபமாக ஓடட்டும் என்று இன்னும் ரெண்டு வாளி ஊற்றுவது சைட்டில் சகஜம். தொகுப்பாளர் செய்ய வேண்டியது, கேமரா முன்னால் வாளியை எண்ணுவது, அவ்வளவுதான். பிபிசி சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரமாகவே வைத்திருக்கணும், 14 நாள் நல்லது என்றும் அதே விதி சொல்கிறது. மூன்றாம் நாள் அதே மாடிக்குக் கேமராவோடு திரும்பிப் போனால் உண்மை தெரிந்துவிடும்.

திண்டிவனம், வானூர் பக்கம் கல் குவாரியும் கிரஷரும் நிறைய. எம்-சாண்டுக்கும் கிரஷர் தூளுக்கும் வித்தியாசத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் காட்டலாம். தூள் என்றால் மேலே சேறு மாதிரிப் படிகிற மாவு கணிசமாக இருக்கும். 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் எந்த மாடி ஒழுகியது, எது ஒழுகவில்லை, எதில் தட்டோடு போட்டு வாட்டம் சரியாகக் கொடுத்திருந்தார்கள் என்று தெருத்தெருவாகப் போனாலே பத்து எபிசோடு தேறும். மண் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் இதே மாவட்டத்தில், ஆரோவில் மண் கட்டுமான நிலையம் இருக்கிறது. சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திய, சுடாத மண் கற்களில் 1989இலிருந்து வேலை செய்கிறார்கள், பயிற்சியும் தருகிறார்கள்.

பேச்சும் ஊர்ப் பேச்சாக இருக்கணும். சதுர மீட்டர் என்றால் சேனல் மாற்றிவிடுவார்கள். நூறு சதுர அடி ஒரு சதுரம், நூறு கன அடி மணல் ஒரு யூனிட், அப்படித்தான் இங்கே விலை பேசுகிறார்கள்.

மீதிப் பாதி பதில் பணத்தில் இருக்கிறது. வீலா 1989இல் அந்த நிகழ்ச்சியைவிட்டு வெளியேறியது வேலை தெரியாததால் இல்லை. ஒரு கட்டுமானப் பொருள் கடைத் தொடருக்கு அவர் விளம்பரம் செய்தார். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்த ஹோம் டிப்போ, அதன் போட்டி நிறுவனம், விலகிக்கொண்டது. இங்கே சிமெண்ட், டைல்ஸ், பெயிண்ட், வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனிகள் தவிர இந்த நிகழ்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள்? பணம் வாங்கினால் அதைத் திரையிலேயே சொல்லணும் என்று 2022இலிருந்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் நடிப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. யூடியூப்பில் தொடங்குகிறவருக்கும் இது பொருந்தும்.

என் யோசனை: முதல் வருஷம் யாரிடமும் வாங்காமல், ஒரே ஒரு வீட்டை வானம் தோண்டுவதிலிருந்து கிரகப்பிரவேசம் வரை பின்தொடரலாம். 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' முதல் சீசனும் டார்செஸ்டரில் ஒரே வீடுதான், 13 எபிசோடு. கேமராவுக்குக் கூச்சப்படாத, தப்பைத் தப்பு என்று சொல்கிற ஒரு மேஸ்திரியைக் கண்டுபிடிப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. மிச்சத் துண்டுக்கட்டைகளைப் பார்த்து மோராஷ் ஆள் பிடித்த மாதிரி, இங்கே சைட்டில் வீணாகக் கிடக்கிற உடைந்த செங்கல்லையும் காய்ந்துபோன கலவையையும் பார்த்துத் தேடலாம்.