பழைய மெயிலை எல்லா லேப்டாப்பிலும் இறக்கும் முன்

விற்பனைப் பிரிவு மேலாளர் ஒருவர் ரயிலில் போகும்போது மூன்று வருடத்துக்கு முந்தைய கொட்டேஷன் ஒன்றைத் தேடுகிறார். சிக்னல் இல்லை, மெயில் திறக்கவில்லை. ஊர் திரும்பியதும் விஷயம் எம்.டி. காதுக்குப் போகிறது. “எல்லாருக்கும் பழைய மெயில் நெட் இல்லாமலே வர்ற மாதிரி பண்ணிடுங்க” என்று ஐ.டி. பிரிவுக்கு ஒரு வரி உத்தரவு. அவர்களும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலிசியை எல்லாக் கணினிகளுக்கும் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை பில் போட முடியவில்லை, ஜி.எஸ்.டி. தளம் திறக்கவில்லை, வீடியோ மீட்டிங் அறுந்து அறுந்து வருகிறது. நம் ஊர் நடுத்தர நிறுவனங்களில் இந்தக் கூத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

400 பேர், ஆளுக்கு 8 ஜிபி பழைய மெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,200 ஜிபி. 100 மெகாபிட் லைன் வேறெந்த வேலையும் செய்யாமல் இறக்கினாலும் மணிக்கு 45 ஜிபிதான் வரும். 71 மணி நேரம், கிட்டத்தட்ட மூன்று நாள். கால்குலேட்டரில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. யாரும் போடுவதில்லை.

லைன் படுத்தால் மூன்று நாளில் எழுந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நிறுவனத்தின் ஏழெட்டு வருடக் கடிதப் போக்குவரத்து 400 லேப்டாப்புகளில் நகலாகி, பேருந்திலும் ரயிலிலும் லாட்ஜ் அறைகளிலும் சுற்றத் தொடங்கிவிடுகிறது. விலைப்பட்டியல், சம்பள விவரம், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், வக்கீல் கடிதம் எல்லாம் அதில் இருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் கொடுக்கப்படும் ஆர்க்கைவ் பெட்டி, அவுட்லுக்கில் இணையம் இருந்தால் மட்டுமே திறக்கும். அது லேப்டாப்பில் இறங்கவே இறங்காது. வழக்கமாக வரும் பாலிசி இரண்டு வருடம் ஆன மெயிலை இந்த ஆர்க்கைவுக்குத் தள்ளிவிடும். இன்னொரு பக்கம், அவுட்லுக் லேப்டாப்பில் வைக்கும் தன்னுடைய ஓ.எஸ்.டி. நகல் கோப்பில் பெரும்பாலும் ஒரு வருட மெயிலை மட்டுமே வைத்துக்கொள்ளும். அப்படியானால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட வயதுள்ள மெயில் ஆர்க்கைவிலும் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. சர்வரில் மட்டும் இருக்கிறது. ஃபோல்டரின் கடைசி வரை உருட்டிப் பார்த்தால், மீதி மெயில் சர்வரில் இருக்கிறது என்று ஒரு சின்ன வரி தெரியும். அதை யாரும் படிப்பதில்லை. “என் மெயிலை ஐ.டி.காரங்க அழிச்சிட்டாங்க” என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் பாதிப் பேருக்கு ஆர்க்கைவைத் தொடவே வேண்டியதில்லை. அவுட்லுக் கணக்கு அமைப்பில், எவ்வளவு கால மெயிலை லேப்டாப்பில் வைப்பது என்று இழுத்து நகர்த்தும் பட்டை ஒன்று இருக்கிறது. குரூப் பாலிசியில் கேஷ்டு எக்ஸ்சேஞ்ச் மோடு பகுதியிலும் அதே அமைப்பு உண்டு. அதை ஒரு வருடத்திலிருந்து இரண்டுக்கு நகர்த்தினால் போதும். மூன்று வருடம் வேண்டுமென்றால் அந்த ஆட்களுக்கு மட்டும் ஆர்க்கைவுக்குத் தள்ளும் வயதையும் நீட்டித்துவிடலாம். ஆனால் ஓ.எஸ்.டி. கோப்பு 10 ஜிபியைத் தாண்டினால் அவுட்லுக் அங்கங்கே திணறும். 50 ஜிபி அதன் வழக்கமான உச்ச வரம்பு. “எல்லாமே” என்று பட்டையை வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று புகார் செய்யாதீர்கள்.

என்டர்பிரைஸ் வால்ட் போன்ற தனி ஆர்க்கைவ் மென்பொருள் வாங்கியிருக்கும் நிறுவனங்களுக்கு வேறு வசதி உண்டு. அதன் வால்ட் கேஷ், ஆர்க்கைவின் நகலை லேப்டாப்பிலேயே கட்டிவைக்கும். எல்லாவற்றையும் இறக்குவதா, பயனர் திறந்ததை மட்டும் வைத்துக்கொள்வதா, தலைப்பு விவரங்களோடு நிறுத்திக்கொள்வதா என்று பாலிசியில் தேர்ந்தெடுக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். திறந்ததை மட்டும் வைக்கும் இரண்டாவது ஏற்பாடு பத்தில் ஒன்பது பேருக்குப் போதும் என்பது என் அனுபவம்.

இது எதுவும் செய்யாமல் “பி.எஸ்.டி. எடுத்துக் கொடுத்துடுங்க” என்பதுதான் மிக மோசமான குறுக்குவழி. பி.எஸ்.டி. கோப்புக்குள் நகர்த்திய மெயில் சர்வரை விட்டு வெளியே போய்விடுகிறது. அதன் பிறகு நிறுவனத்தின் பேக்கப்பும் தேடலும் அதைத் தொடாது. ஹார்ட் டிஸ்க் போனால் மெயிலும் போச்சு. அதை ஆபீஸ் சர்வரில் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்துத் திறப்பதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. கோப்பு கெட்டுப்போகும், அப்புறம் பழுதுபார்க்கும் கருவியான ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பி.எஸ்.டி.க்குப் போடும் பாஸ்வேர்டை ஒரு பாதுகாப்பாக நினைக்காதீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவி அதை நொடியில் உடைத்துவிடும். பயனர்கள் புதிய பி.எஸ்.டி. சேர்ப்பதையும், ஏற்கெனவே இருப்பதில் மெயில் கொட்டுவதையும் குரூப் பாலிசியிலேயே தடுக்கலாம். இன்றைக்கே தடுத்துவிடுங்கள்.

சரி, யாருக்குத்தான் கொடுப்பது? சர்வீஸ் இன்ஜினியர், வெளியூர் விற்பனையாளர், தளத்தில் வேலை பார்க்கும் திட்ட மேலாளர் ஆகியோருக்கு நியாயமான தேவை இருக்கிறது. எச்.ஆர்., அக்கவுண்ட்ஸ் ஆட்கள் ஆபீஸ் நாற்காலியை விட்டு நகர்வதில்லை. நெட்வொர்க் கேபிள் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மற்றவர்களுடைய ஆதாரும் சம்பளமும் கிடப்பது அவர்களுடைய மெயிலில்தான். தேவை குறைவு, ஆபத்து அதிகம். “எல்லாருக்கும்” என்ற உத்தரவு இவர்களையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகிறது.

ஆகவே ஒரு பக்கப் படிவம் ஒன்றை உருவாக்குங்கள். பெயர், துறை, லேப்டாப்பின் அசெட் எண், சீரியல் எண், எந்த வேலைக்காக ஆஃப்லைனில் வேண்டும், எத்தனை வருட மெயில், டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தில் பூட்டப்பட்டிருக்கிறதா, ரெகவரி கீ நிறுவனத்தின் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா, துறைத் தலைவர் கையெழுத்து, அனுமதி முடியும் தேதி. இந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. ஆறு மாதம் என்று எழுதுங்கள். வேண்டுமானால் மறுபடி கேட்கட்டும். பிட்லாக்கர் கட்டத்தில் பயனர் சொன்னதை நம்பி டிக் போடாதீர்கள். மேனேஜ்-பிடிஇ கட்டளையில் நிலையைப் பார்த்து ஐ.டி. ஆள் கையெழுத்துப் போட வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்போடு கடையில் வாங்கி, அப்படியே மேசைக்கு வந்த லேப்டாப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பிட்லாக்கரின் முழு வசதி கிடையாது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் பழைய மெயிலை இறக்காதீர்கள்.

பூட்டு போட்ட பிறகுதான் திறப்பு. அதுவும் தவணை தவணையாக. முதலில் ஐ.டி. பிரிவிலேயே நாலைந்து பேர், பிறகு ஒரு துறை, பிறகு ஒரு கிளை. நாளுக்கு இருபது, முப்பது பேருக்கு மேல் வேண்டாம். முதல் இறக்கத்தை ஆபீஸ் லைனில் இரவு நேரத்தில் முடித்துவிடுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் தொடங்கினால் பயனரின் டேட்டா காலி. டிஸ்க்கில் மீதி இடம் எவ்வளவு என்றும் முன்கூட்டியே பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், எல்லாருக்கும் ஒரே நாளில் திறக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் லேப்டாப் காணாமல் போகத்தான் செய்யும். போனால் முதல் வேலை: கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, எல்லா லாகின்களையும் வெளியேற்றி, சாதனங்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் இன்ட்யூன் இருந்தால் அழிக்கும் கட்டளை அனுப்புவது. கணக்கை முடக்கினால் லேப்டாப்பில் ஏற்கெனவே இறங்கிய நகல் அழிந்துவிடாது. இதைத் தெரியாத ஐ.டி. மேலாளர்கள் நிறைய இருக்கிறார்கள். லேப்டாப் இணையத்தைத் தொடும்வரை அழிக்கும் கட்டளையும் போய்ச் சேராது. டிஸ்க் பூட்டியிருந்ததா என்பது ஒன்றுதான் அப்போது கைகொடுக்கும்.

இரண்டாவது வேலை காவல் நிலையம். திருட்டு என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவின்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். “ரயிலில் போனது, இங்கே வராது” என்று திருப்பி அனுப்ப முடியாது. சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் அதே பிரிவின்படி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. புகாரில் மாடல், சீரியல் எண், வாங்கிய பில்லின் நகல், கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும் இருக்க வேண்டும். மேலே சொன்ன படிவம் ஃபைலில் இருந்தால் இதில் பாதி விவரம் அதிலேயே கிடைக்கும்.

பூட்டாத டிஸ்க்கில் மெயில் நகல் இருந்தால் அதைத் தரவுக் கசிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-4949. “மேனேஜ்மென்ட் கூடிப் பேசிட்டு சொல்றோம்” என்று இழுத்தால் ஆறு மணி நேரம் பறந்துவிடும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

வழக்கு என்று வந்தால் லேப்டாப் நகலைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மூலம் சர்வரில்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவு, மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதன் அ பகுதியை ஆதாரம் தருபவரும் ஆ பகுதியை நிபுணரும் நிரப்பி, ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். மெயிலை வெறும் பிரிண்ட் எடுத்து நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே அதைத் தள்ளச் சொல்வார். ஜி.எஸ்.டி. ஆவணங்களை ஆண்டு அறிக்கை தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம், கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். அவற்றோடு சேர்ந்த மெயிலை இதைவிடச் சீக்கிரம் அழிக்கும் பாலிசி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஆடிட்டரை உட்காரவைத்துப் பாருங்கள்.

ஊழியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலையை விடும்போது “என் மெயில்தானே” என்று பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அனுமதியில்லாமல் நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவில் வரும். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டு வழக்கை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் முன்பே நிறுவனம் போடலாம். கெட்ட எண்ணத்தோடு செய்ததாகத் தெரிந்தால் 66-வது பிரிவும் சேரும்; மூன்று வருடம் வரை சிறை. உங்களுக்குச் சேர வேண்டியவை வருமான வரிப் பிடித்தச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, நியமன உத்தரவு, பதவி உயர்வுக் கடிதம். அவற்றை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு, வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். நிறுவனமும் நோ-டியூ படிவத்தில் “ஆஃப்லைன் மெயில் நகல் அழிக்கப்பட்டது” என்று ஒரு வரி சேர்த்து, லேப்டாப்பைத் திறந்து பார்த்த ஐ.டி. ஆளின் கையெழுத்தும் தேதியும் வாங்கிய பிறகே கடைசிச் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும்.