ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் படிப்பு எதற்கு?



எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாலிபரை நிர்வாகப் படிப்புக்கு அனுப்பப்போவதாக எழுதியிருந்தோம். ஒரு மூத்த சகோதரர் பதில் எழுதினார்: "டாக்டரும் நர்ஸும் படிக்கட்டும், அதற்குக் காணிக்கை தருகிறோம். கணக்குப் பார்க்கவும் ஆட்களை வேலை வாங்கவும் ஒரு படிப்பா?" நியாயமான கேள்விதான்.

தமிழில் எல்லாமே தொழில். ஆங்கிலத்தில் 'புரொபஷன்' என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. துறவிகள் மடத்தில் சேரும்போது வெளிப்படையாகச் செய்த பொருத்தனையை அது ஆதியில் குறித்தது. பின்னரே போதகர், வைத்தியர், வழக்கறிஞர் பணிகளுக்கு வழங்கலாயிற்று. டாக்டர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். பெருந்தவறு செய்தால் பெயரை நீக்கிவிடலாம். நிர்வாகிக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. பட்டமில்லாதவரும் அந்த நாற்காலியில் உட்காரலாம். ஓரிடத்தைக் கெடுத்துவிட்டு வேறோர் ஊரில் மறுபடியும் நிர்வாகியாகலாம். ஆகவே நிர்வாகம் இன்னும் முழுமையான புரொபஷன் ஆகவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

அதனால் படிப்பு வேண்டாம் என்றாகிவிடாது. பல வருஷங்களுக்கு முன் நாங்கள் ஊழியம் செய்த ஓர் ஆஸ்பத்திரியில், இரவு காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு வேண்டிய ஊசிமருந்து இல்லை. அலமாரியிலோ காலாவதியான வேறு மருந்துகள் பெட்டி பெட்டியாய் இருந்தன. டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தோம். மருந்துக்கு ஆர்டர் போடவேண்டிய நாளைக் கவனிக்கத்தான் ஆளில்லை. விடிந்து அடகுக்கடை திறந்ததும் அந்தத் தாய் தாலியில் இருந்த குண்டுகளை வைத்து, வெளிக்கடையில் மருந்து வாங்கி வந்தாள். பிள்ளை பிழைத்தது.

நம் மதுரையிலேயே இதற்கு மாறான சாட்சியும் உண்டு. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அங்கே டாக்டர் ஒரு மேஜையில் அறுவை சிகிச்சை செய்யும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி ஆயத்தமாயிருப்பார். கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, டாக்டர்தான் செய்ய வேண்டும் என்றில்லாத வேலைகளை அவர்களிடம் ஒப்புவித்தார்கள். கட்டணம் செலுத்துகிறவர்களின் பணம் செலுத்த இயலாதவர்களுக்கும் உதவிற்று. இம்முறைகளைப் பிற ஆஸ்பத்திரிகளுக்குக் கற்றுக்கொடுக்கவே 1992ல் தனியாக ஒரு பயிற்சி நிலையம் ஏற்படுத்தினார்கள்.

2006ல் மறைந்த அந்த டாக்டர் ஸ்ரீ அரவிந்தரின் பக்தர், நம் சபையாரல்லர். இதில் தடை காண்பவர்கள் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். காலை முதல் மாலை வரை வரிசையில் நின்ற ஜனங்களைக் கண்டு, வேலையைப் பகிர்ந்துகொடுக்கும்படி மோசேக்குச் சொன்ன எத்திரோ மீதியானியரின் ஆசாரியன். எங்கள் வெளிநோயாளர் வரிசையைக் கண்டால் அவர் என்ன சொல்வாரோ!

பவுலும் வரங்களை வரிசைப்படுத்தும்போது (1 கொரிந்தியர் 12:28) குணமாக்கும் வரங்களுக்குச் சற்றுப் பின்னே ஆளுகைகளை வைக்கிறார். கிரேக்க மூலத்தில் அச்சொல் கப்பலில் சுக்கான் பிடிப்பதைக் குறிக்கும்.

இரண்டு வருஷம் கழித்துத் திரும்பும் எங்கள் வாலிபருக்குப் பதிவு எண் எதுவும் இராது. அதற்கு ஈடாக, எந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லாமற்போயிற்று என்ற கணக்கை, அவர் கையொப்பத்தோடு ஆறு மாதத்துக்கொரு முறை இப்பத்திரிகையில் அச்சிடத் தீர்மானித்திருக்கிறோம். கேள்வி கேட்ட சகோதரருக்கு முதல் பிரதி போகும்.