கறுப்புத் திரையில் ஓர் அகராதி

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறவர், முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வருவதில்லை. உத்தேசமாக நடுவே ஓரிடத்தைத் திறந்து, வேண்டிய சொல் அதற்கு முன்னதா பின்னதா என்று நிதானித்து, அந்தத் திசையிலேயே நகர்கிறார். இணையத் தொடர்பு சிறிதுமின்றி, டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் சொல்லைத் தட்டிய கணமே பொருளைக் காட்டும் அகராதிக் கருவியும் இதையேதான் செய்கிறது.

லினக்ஸ் கணினிகளில் வழங்கும் 'டிக்ட்-டி' என்னும் நிரல் அகராதியை இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்கிறது. விளக்கங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கோப்பில் கிடக்கும், மற்றது அட்டவணை. சொல், அதன் விளக்கம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற மூன்றே விவரங்கள் அட்டவணையின் வரிதோறும் இருக்கும். ஒன்றரை லட்சம் சொற்களானாலும், அவை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால், பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் அதிகபட்சம் 18 ஒப்பீடுகளில் காரியம் முடிந்துவிடுகிறது. விளக்கக் கோப்பையோ துண்டு துண்டாகச் சுருக்கி, ஒவ்வொரு துண்டின் அளவையும் கோப்பின் தலைப்பிலேயே பதிந்துவைப்பதால், வேண்டிய துண்டை மட்டும் விரித்தால் போதும். இந்த யுக்திக்கு 'டிக்ட்ஸிப்' என்று பெயர்.

இவ்வளவும் சுலபந்தான். தமிழுக்கு இத்தகைய கருவியைச் செய்ய முற்படுகிறவருக்கு மெய்யான சிரமம், என் அபிப்பிராயத்தில், அகரவரிசையில் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடிலோ அது நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பே நிற்கிறது. ஆகவே நெடுங்கணக்குப்படி அடுக்கிய அட்டவணையில் 'மனம்' என்று தேடும்போது, நடுவே 'மயில்' எதிர்ப்பட்டால், யூனிகோடு எண்ணை மட்டுமே அறிந்த கருவி, தேடும் சொல் அதற்கு முன்னே இருக்க வேண்டுமென்று தீர்மானித்து, பின்பாதியை அடியோடு தள்ளிவிட்டு, அப்படியொரு சொல்லே இல்லையென்று சொல்லிவிடும்! அட்டவணையை எந்த வரிசையில் அடுக்கினாலும் பாதகமில்லை. தேடுகிற நிரலும் அதே வரிசையைக் கைக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இன்னொரு சங்கடமும் உண்டு. 'கொடை' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்ற இரண்டு எண்களாகவும் பதியலாம். திரையில் இரண்டுக்கும் இம்மியும் பேதமில்லை. இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். அட்டவணையைத் தயாரிக்கும்போதும், பயனர் சொல்லைத் தட்டும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் அதற்கு ஒரு வரி எழுதினால் போதுமானது.