பழைய மின் கிட்டாரை விற்கும் முன் அதன் தலையைப் பாருங்கள்

கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷாடோஸ்’ குழுவினரும் 1961இல் சிங்கப்பூரில் நிகழ்ச்சி படைத்த பிறகு, மலாயாவிலும் மின் கிட்டார் குழுக்கள் பெருகின. பினாங்கில் லோகா, டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ நாடறிந்த குழுவானது. தோட்டத்துக் கோயில் திருவிழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி என மேடையேறிய உள்ளூர்க் குழுக்களுக்குப் பெயர் மிஞ்சவில்லை, கருவிகள்தான் மிஞ்சின. லாபு, ரந்தாவ், பஹாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் இப்படி ஒரு கிட்டாரைப் பழைய சாமான் வண்டிக்குப் போடுமுன் சற்று நிதானிக்கலாம்.

முதலில் தலைப்பகுதி. கம்பியை முறுக்கும் சாவிகள் (வீணையில் பிரடை என்போமே, அவை) ஆறும் ஒரே வரிசையில் இருந்தால் அது பெரும்பாலும் ஃபெண்டர் பாணி. உடலில் இரண்டு கொம்பும் மூன்று பிக்கப்பும் இருந்தால் 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம். ஒரு கொம்பும் இரண்டு பிக்கப்பும் என்றால் டெலிகாஸ்டர் வடிவம். சாவிகள் பக்கத்துக்கு மூன்றாக இருந்து, உடல் கனமாக, ஒரே கொம்புடன், மேற்பரப்பு லேசாக வளைந்திருந்தால் 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால் வடிவம்.

வடிவம் வேறு, அசல் வேறு. தலையில் உள்ள பெயரை எவரும் ஒட்டிவிடலாம். கருவியைத் திருப்பிக் கழுத்து சேரும் இடத்தைப் பாருங்கள். ஃபெண்டரில் கழுத்து திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். லெஸ் பாலில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அங்கே நான்கு திருகாணி தெரிந்தால் ‘கிப்சன்’ என்ற எழுத்தை நம்ப வேண்டாம். 1977 முதல் 2005 வரையிலான பெரும்பாலான கிப்சன்களில் தலையின் பின்புறம் எட்டு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. 82765501 என்றால் 1985.

நகல் என்றாலும் அலட்சியம் கூடாது. எழுபதுகளில் ஜப்பானிய நகல்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்றால், கிப்சனின் தாய் நிறுவனமே ஐபனேஸ் தரப்பின் மீது 1977இல் வழக்குப் போட்டது. டோக்காய், கிரேக்கோ, ஐபனேஸ் என்ற பெயர்களைக் கண்டால், எடைக்குப் போடாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். என்னைக் கேட்டால், விற்பதைவிட வீட்டுப் பிள்ளை வாசிப்பதே மேல்.

அதற்கு ஆம்ப்ளிஃபயர் வேலை செய்ய வேண்டும். இங்கே ஒரு கண்டிப்பு: பெட்டியைத் திறக்காதீர்கள். வால்வு ஆம்ப்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நானூறு வோல்ட் வரை தங்கியிருக்கும். வெளியிலிருந்தே பல கோளாறுகளைத் தீர்க்கலாம்.

சத்தம் வரவில்லையா? முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். பாதி நோய் அங்கேதான். கிட்டாரின் குமிழைத் திருகும்போது கரகரத்தால், அதன் மூடியைக் கழற்றி, குமிழின் அடியில் காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருப்புங்கள். சத்தம் வந்து வந்து போனால், ஆம்ப்பின் பின்னால் ‘செண்ட்’, ‘ரிட்டர்ன்’ துளைகள் உள்ளனவா பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அவற்றின் தொடுமுனை கறுத்துவிடும். சிறிய கிட்டார் வயரால் இரண்டையும் இணைத்ததும் சத்தம் சீரானால், கோளாறு அந்தத் துளையில்தான். பிளக்கை அதில் பலமுறை செருகி எடுத்தாலே சில நேரம் சரியாகிவிடும்.

ஃபியூஸ் போயிருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே அளவு ஃபியூஸ் மட்டும் போடுங்கள். சிகரெட் தாள் சுற்றும் பழக்கம் வீட்டையே எரித்துவிடும். ஜப்பானிலிருந்து வந்த ஆம்ப் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றோடு முடிந்தது.

‘ம்ம்’ என்ற இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்தார். மழை நனைத்த கோயில் திடல் அதைவிட ஆபத்தானது. கம்பியில் கை வைக்கும்போது லேசாகச் சுண்டினாலும், புது ஃபியூஸ் மறுபடி போனாலும், தீய்ந்த வாடை வந்தாலும் சுவிட்சை அடைத்து, பிளக்கைப் பிடுங்கி, தொழில் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.