ஒரே ஸ்க்ரீனில் மூணு டேபிள்... மவுஸைத் தொடாமலே மாறலாம்! விர்ச்சுவல் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துவது எப்படி?

ஆன்லைன் மீட்டிங்கில் ஸ்க்ரீனை ஷேர் செய்திருக்கிறீர்கள். எக்செல் ஷீட்டைத் தேடி ஆல்ட், டேப் கீகளைத் தட்டுகிறீர்கள். ஷீட்டுக்குப் பதிலாக, அத்தனை பேர் முன்னாலும் உங்கள் பேங்க் அக்கவுன்ட் பக்கம் வந்து நிற்கிறது!

எல்லா வேலையையும் ஒரே டெஸ்க்டாப்பில் குவித்து வைப்பதால் வரும் சிக்கல் இது. இதைத் தவிர்க்கும் வசதி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கு. தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். அது என்ன, எப்படிப் பயன்படுத்துவது? பார்க்கலாம் வாங்க.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்றால் என்ன?

மானிட்டர் ஒண்ணுதான். ஆனால் அதில் பல மேஜைகள் போட்டது போல, ஒவ்வொரு வேலைக்கும் தனித் தனி டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் திறந்த விண்டோக்கள் மற்றொன்றில் தெரியாது.

இந்த யோசனை புதுசு இல்லை. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹென்டர்சன், ஸ்டூவர்ட் கார்ட் ஆகியோர் 1986-லேயே 'ரூம்ஸ்' என்ற பெயரில் இதை விளக்கினார்கள். ஆப்பிள் 2007-ல் மேக்கில் கொண்டுவந்தது. விண்டோஸில் எல்லோருக்குமான வசதியாக வந்தது, 2015-ல் விண்டோஸ் 10 வெளியானபோதுதான்.

மனப்பாடம் செய்ய வேண்டிய கீகள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இவை வேலை செய்யும்.

* புது டெஸ்க்டாப் திறக்க: விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + டி
* அடுத்த டெஸ்க்டாப்புக்குப் போக: விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + வலது அல்லது இடது அம்புக்குறி
* எல்லா டெஸ்க்டாப்பையும் ஒரே பார்வையில் பார்க்க: விண்டோஸ் கீ + டேப்
* ஒரு விண்டோவைப் பாதி ஸ்க்ரீனில் நிறுத்த: விண்டோஸ் கீ + வலது அல்லது இடது அம்புக்குறி
* டெஸ்க்டாப்பை மூட: விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + எஃப்4

கடைசி கீயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெஸ்க்டாப் மட்டும்தான் மூடும். அதில் இருந்த விண்டோக்கள் பக்கத்து டெஸ்க்டாப்புக்குப் போய்விடும். ஆனால் ஆல்ட் + எஃப்4 அப்படி இல்லை. அது திறந்திருக்கும் விண்டோவையே மூடிவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க.

திறந்திருக்கும் விண்டோவை வேறு டெஸ்க்டாப்புக்கு மாற்ற நேரடி ஷார்ட்கட் கிடையாது. விண்டோஸ் கீ + டேப் அழுத்தி, அந்த விண்டோவை மவுஸால் இழுத்து, வேண்டிய டெஸ்க்டாப் மேல் விடலாம்.

எத்தனை டெஸ்க்டாப் வைக்கலாம்?

மூணு, நாலு போதும். எண்ணிக்கையை விட முக்கியம், இடம் மாறாமல் இருப்பது. உதாரணத்துக்கு, கணக்கு வேலை பார்ப்பவர் முதல் டெஸ்க்டாப்பில் டேலியும் எக்செலும், இரண்டாவதில் ஜிஎஸ்டி போர்ட்டல், மூன்றாவதில் மெயிலும் வாட்ஸ்அப் வெப்பும் என்று பிரிக்கலாம். தினமும் இதே வரிசையில் வைத்தால், எது எங்கே என்று யோசிக்காமலே விரல் போய்ச் சேரும்.

விண்டோஸ் 11-ல் ஒவ்வொன்றுக்கும் பெயரும் தனி வால்பேப்பரும் வைக்கலாம். எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறோம் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு?

மேக்கில் கன்ட்ரோல் கீயுடன் வலது, இடது அம்புக்குறி. அதிகபட்சம் 16 டெஸ்க்டாப் வைக்கலாம். ஆனால் ஒரு விஷயம்: சமீபத்தில் பயன்படுத்தியதைப் பொறுத்து மேக் தானாகவே வரிசையை மாற்றும். 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' செட்டிங்ஸில் அதை ஆஃப் பண்ணிடுங்க. இல்லையென்றால் பழகிய வரிசை கலைந்துவிடும்.

லினக்ஸில் ஐ3 போன்ற மென்பொருட்கள் இன்னும் ஒரு படி மேலே. ஒரு கீயோடு எண்ணைத் தட்டினால் நேராக அந்த எண்ணுள்ள டெஸ்க்டாப்புக்கே போகலாம். ஷிஃப்ட்டையும் சேர்த்தால் விண்டோவும் அங்கே மாறும்.

இதையும் கவனிங்க

விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஒரு பூட்டு கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரில் உட்காருபவர் ஒரு ஷார்ட்கட்டில் எல்லாவற்றையும் பார்க்கலாம். எழுந்து போகும்போது விண்டோஸ் கீ + எல் தட்டி லாக் செய்வதுதான் பாதுகாப்பு.

மீட்டிங்கில் முழு ஸ்க்ரீனை ஷேர் செய்துவிட்டு டெஸ்க்டாப் மாறினால், அதுவும் மற்றவர்களுக்குத் தெரியும். அதனால் தேவையான விண்டோவை மட்டும் ஷேர் செய்வது நல்லது.

ரேமும் மிச்சமாகாது. கண்ணில் படாத டெஸ்க்டாப்பில் இருந்தாலும் திறந்த ஆப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கம்ப்யூட்டர் திணறினால், வேண்டாததை மூடுவதுதான் வழி.

எல்லா கீகளையும் இன்றைக்கே பழக வேண்டியதில்லை. இந்த வாரம் இரண்டே டெஸ்க்டாப்: ஒன்று வேலைக்கு, மற்றொன்று சொந்த விஷயங்களுக்கு. மாறுவதற்கான அந்த ஒரு ஷார்ட்கட் கைக்கு வந்துவிட்டால், மற்றவை தானா வரும்.